தியறி அண்ணையும் கிணற்றில் விழுந்த கழுதையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில், கேட்க வந்தவர்களில் ஒருவர்கூட இடையில் எழும்பிப் போகாமல் இலக்கியக் கூட்டம் நடத்திய ஒரே மனிதர் தியறி அண்ணைதான். எழும்பிப் போக முடியாது என்பது வேறு கதை. கையில் ஊசி ஏற்றி, இரத்தம் சுத்தம் செய்கிற இயந்திரத்தோடு நாலு மணித்தியாலம் ஆளுக்கொரு கட்டிலில் கட்டுப்பட்டுக் கிடந்தோம்.

சிறுநீரகம் கைவிட்டவர்களின் வார்ட் அது. செவ்வாயும் வெள்ளியும் என்னுடைய முறை. வல்வெட்டித்துறையில் சைக்கிள் திருத்துகிறவன் நான். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கக் கூச்சம். பக்கத்துக் கட்டில் தியறி அண்ணைக்கு அந்த ஒரு வியாதி மட்டும் இல்லை. பருத்தித்துறை ஆள். வாசகசாலைகளில் இலக்கியக் கோட்பாடு, அதாவது 'தியறி', பேசிப் பேசி, கடைசியில் ஆள் இல்லாத கதிரைகளுக்குப் பேசியவர் என்று கேள்வி. அவருடைய உண்மைப் பெயர் கட்டிலில் தொங்கிய அட்டையில் இருந்தது. ஒருவரும் வாசித்ததில்லை.

வார்ட்டில் புத்தகம் கிடையாது. சுவரில் ஒரு தொலைக்காட்சி. காலையில் சினிமாப் பாட்டு, பிறகு கார்ட்டூன். அண்ணைக்கு அது போதும்.

ஒருநாள் காதல் பாட்டு ஒன்று போனது. மருந்து கொண்டுவந்த தாதி மிஸ்ஸும் கூடவே முணுமுணுத்தார்.

"பிள்ளை, கவனிச்சனீரோ? பாட்டு முழுக்க அவன்தான் கதைக்கிறான். அவளுக்கு ஒரு வரி இல்லை. அவளின்ரை கண்ணுக்குள்ளை தன்ரை முகத்தைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறான்."

"ஐயோ அண்ணை, என்ரை கலியாண வீடியோவிலை போட்ட பாட்டு அது!"

"அப்ப உம்மடை கலியாணத்தையும் ஒருக்கா வாசிச்சுப் பாக்கவேணும். இது காதல் இல்லைப் பிள்ளை, அதிகாரம்!"

இயந்திரம் கீக்கீயென்று கத்தியது. ஊசி ஏற்றிய கை அசைந்தால் அது கத்தும். 'அதிகாரம்' என்ற சொல் வந்தால் அண்ணைக்கு அந்தக் கை தானாக எழும்பும். ஒவ்வொரு முறையும் மிஸ் ஓடிவந்து, சத்தத்தை நிற்பாட்டி, ஏசிவிட்டுப் போவார்.

கார்ட்டூனில் ஊதா நிறக் கழுதை ஒன்று. கிணற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள புல்லுக்காக ஒவ்வொரு நாளும் பாயும். ஒவ்வொரு நாளும் உள்ளே விழும். அடுத்த காட்சியில் ஒரு மயிர்கூட நனையாமல் வந்து நிற்கும். எங்களுக்கோ தண்ணீர் அளந்துதான். கூடக் குடித்தால் நெஞ்சுக்குள் ஏறிவிடும். வார்ட் முழுவதும் நாக்கு வறண்டு அந்தக் கிணற்றையே பார்த்துக் கிடப்போம்.

"கிணறு தெரியுது. தண்ணி தெரியுதோ?" என்பார் அண்ணை. "காட்டாமல் விட்டதைத்தான் வாசிக்கவேணும்."

"வாசிச்சு முடிச்சாப் பிறகு கழுதையிட்டைச் சொல்லி ஒரு வாளி அள்ளுவியும் தம்பி," என்பார் மூலைக் கட்டில் கிழவர்.

போன மாரியில் அந்தக் கிழவர் வராமல் விட்டார். இரண்டு கிழமையில் அவருடைய செத்தவீட்டுக்குப் போனோம். முகம் ஆறுதலாக இருந்தது. எனக்கும் மனம் விட்டுப்போயிருந்தது. ஊசி ஏற்றி ஏற்றிக் கை பழைய கயிறு மாதிரி முறுகிக் கிடந்தது. ஒருநாள் சுத்தம் செய்தால் அடுத்த நாள் முழுக்கப் படுக்கை. வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. கழுதை விழுகிற நேரம் பார்த்து அண்ணையிடம்தான் சொன்னேன்.

"அண்ணை, அந்தக் கழுதைக்குக் களைச்சுப் போச்சு. நானும் இனி வரேல்லை."

கழுதை திரும்ப வந்து நிற்கும்வரை அண்ணை திரையைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"உது ஒரு வாசிப்பு. பிழையெண்டு சொல்லமாட்டன். ஆனால் ஆதாரம் காணாது, போதாது. களைச்சதை எந்தக் காட்சியிலை கண்டனீர்? வெள்ளிக்கிழமை கொண்டு வாரும்."

"நான் வரேல்லை எண்டெல்லோ சொல்லுறன்."

"ஆதாரம் இல்லாமல் கதைக்கிறவையோடை எனக்குக் கதையில்லை." மற்றப் பக்கம் திரும்பிவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. வீட்டில் கார்ட்டூனுக்கு முன்னால் குந்தினேன். "பிள்ளையளிட்டை ரிமோட்டைப் பறிச்சுக் கழுதை பாக்கிறியள். உங்களுக்கென்ன விசரே?" என்று என் மனுசி கேட்டாள்.

வெள்ளிக்கிழமை போய், கழுதையின் காது தொங்கியதென்றேன். "எல்லாக் கழுதைக்கும் தொங்கும். காணாது." செவ்வாய்க்கிழமை, மூச்சு வாங்கியதென்றேன். "ஓடினதாலை. காணாது." இப்படியே மாரி கழிந்து, வெயிலும் வந்துவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை பக்கத்துக் கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தது.

"அண்ணை ஞாயிற்றுக்கிழமை காலமாயிட்டார்," என்றார் மிஸ். அன்று பாட்டில் யாருக்கு வரி இருந்தது, இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. கழுதை சும்மா விழுந்தது.

வியாழக்கிழமை எனக்கு ஆதாரம் கிடைத்தது. கிணற்றடிக்கு வந்த கழுதை பாயவில்லை. கால்களை மடக்கிக் கட்டோரம் இருந்துவிட்டது. "குந்திட்டுது! குந்திட்டுது!" என்று கத்தினேன். மனுசி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். அவள் வந்து பார்க்கும்போது கழுதை எழும்பி, பின்னால் போய், ஓடிவந்து பாய்ந்துகொண்டிருந்தது.

அதைக் கொண்டுபோய்க் காட்ட ஆள் இல்லை. வெள்ளி காலை பஸ் தரிப்பிடத்தில் ஒரு பஸ்ஸைப் போகவிட்டேன். அடுத்ததில் ஏறினேன்.

அண்ணையின் கட்டிலில் புதிதாக ஒருவர். சுவரைப் பார்த்தபடி கிடந்தார். முதல் நாள் எல்லோரும் அப்படித்தான். கழுதை வந்தது. நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"அண்ணை, அது ஏன் பாயுது எண்டு நினைக்கிறியள்?"

"கழுதைக்கு விசர்." மனிதர் திரும்பவில்லை.

"உது ஒரு வாசிப்பு. ஆனால் ஆதாரம் காணாது," என்றேன். இப்போது திரும்பிப் பார்த்தார். "நேற்று அது களைச்சுக் குந்தினது. நான் கண்டனான். குந்திப்போட்டும் எழும்பிப் பாஞ்சது. ஏன்? செவ்வாய்க்கிழமை வந்து சொல்லுங்கோ!"

கீக்கீயென்று என்னுடைய இயந்திரம் கத்தியது. பார்த்தால், ஊசிக் கை அந்தரத்தில் நிற்கிறது.

மிஸ் வந்தார். எப்போதும் ஓடிவருகிறவர், அன்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார்.