பழைய கஸ்டமர் பூவராகவன்

வான்கொடி டிவி கம்பெனியை ஒரு வழி பண்ணாமல் இனி இந்த வீட்டில் சாப்பிடுவதில்லை என்று பூவராகவன் சபதம் போட்டபோது, அவன் தட்டில் வஞ்சிரத் துண்டுகள் இருந்தன. ஆகவே சபதம் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு அமலுக்கு வந்தது.

எல்லாம் பக்கத்து வீட்டுத் தேவாவால் வந்தது. நேற்று கனெக்‌ஷன் வாங்கிய பயல். அவனுக்கு அதே கம்பெனி புத்தம் புது எச்.டி. பெட்டியை இனாமாகக் கொடுத்திருக்கிறது. அவன் வீட்டில் மேட்ச் பார்த்தால் பவுலர் மூக்கில் வழிகிற வேர்வை தெரிகிறது. பூவராகவன் வீட்டிலோ பந்து எது, திரையில் உட்கார்ந்த ஈ எது என்று தெரியாது. பெட்டியின் மண்டையில் நாலு தட்டுத் தட்டினால்தான் படமே வரும். கடற்காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் அதுவும் போய்விடும். மகள் பிறந்த வருஷம் வாங்கிய கனெக்‌ஷன். மகள் இப்போது காலேஜ் போகிறாள். இத்தனை வருஷம் ஒரு மாசம் தவறாமல் ரீசார்ஜ் பண்ணினவனுக்கு ஓட்டைப் பெட்டி, நேற்று வந்தவனுக்குப் புதுப் பெட்டியா? வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

"தேவா வூட்ல போய் மேட்ச் பாருய்யா, கண்ணுக்காவது நல்லாருக்கும்" என்று அவனை அனுப்பி வைத்தவள் அவன் பெண்டாட்டி பவானி. சும்மா சொல்லி வைக்கிறேன்.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டான். ஒன்றை அமுக்கு, மூன்றை அமுக்கு என்று அலைக்கழித்து, பாட்டெல்லாம் போட்டு, கடைசியில் ஒரு பெண் குரல் வந்தது.

"சார், நீங்க எங்களோட லாயல் கஸ்டமர் சார்."

"லாயலா? லாயத்துல கட்டி வெச்ச குதிரைக்குக்கூட நேரத்துக்குக் கொள்ளு வெப்பாம்மா. எனக்கு இன்னா வெச்ச நீ?"

"புரியுது சார். ஆனா அந்த ஆஃபர் புது கஸ்டமருக்கு மட்டும்தான்."

"அப்ப பழைய கஸ்டமர் இன்னா பண்ணணும்? செத்துப் பொறந்து வரணுமா?"

"உங்க சிரமத்துக்கு வருந்தறோம் சார்."

"நீ ஒண்ணும் வருந்த வேணாம். கனெக்‌ஷன கட் பண்ணிடு."

"அப்படின்னா பெட்டியும் டிஷ்ஷும் திருப்பித் தரணும் சார். அது உங்களுது இல்லை, லீஸ்ல கொடுத்தது."

லீஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் பூவராகவன் முகம் பூரித்துப்போனது. கல்யாணமான புதுசில் அவர்கள் மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லீஸுக்குத்தான் குடியிருந்தார்கள். ஓனர் கையில் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட வேண்டும், வாடகை கிடையாது, காலி பண்ணும்போது முழுப் பணமும் அப்படியே திரும்பி வந்துவிடும். அவனுக்குத் தெரிந்த லீஸ் அது ஒன்றுதான்.

"பவானி, டிஷ்ஷு மாட்டினப்போ கட்டின பணம் மொத்தமும் திரும்பி வருதுமே."

"யாரு தரா?"

"கம்பெனிக்காரன்தான். லீஸாம். நம்ம பஸ் ஸ்டாண்டு வூட்டு ஓனரு குடுக்கல?"

பவானி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். படூர் அபார்ட்மென்ட்டுகளில் மீன் விற்கிறவள். லிஃப்டில் ஏறி இறங்கி, காரில் போகிறவர்களிடம் பேரம் பேசி ஜெயிக்கிறவள். ஒரு நிமிஷம் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமாய்யா. ஆனா அந்த வூட்டுக்கு வெள்ளையடிச்சுல்ல குடுத்தோம்?"

பூவராகவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மைதான். மொட்டை மாடியில் டிஷ் உப்புக்காற்றில் துருப்பிடித்துக் கிடக்கிறது. அப்படியே கொடுத்தால் பெயின்ட் செலவென்று கழித்துக்கொள்வான், படுபாவி.

"படகுக்கு வாங்கின பெயின்ட்டு மீந்து கீதே" என்றாள் பவானி.

மறுநாள் கடலுக்குப் போய் வந்த கையோடு மாடி ஏறினான். டிஷ்ஷைக் கழற்றினான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். படகு நீலத்தை அடித்து, ஓரத்தில் மஞ்சள் பட்டையும் இழுத்தான். பவானி டீ எடுத்துக்கொண்டு மேலே வந்தாள்.

"பின்னாடி வுட்டுப் போச்சு பாரு. அங்கயும் நல்லா அடி."

பின்னாடியும் அடித்தான்.

சாயங்காலம் கம்பெனி ஆள் ரமேஷ் வந்தான். டிஷ்ஷை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தான்.

"அண்ணாத்த, இன்னா இது?"

"டிஷ்ஷு."

"கட்டுமரத்துக்குப் பொறந்தாப்ல கீது. பின்னாடி கம்பெனி நம்பர் இருக்குமே, எங்க?"

"உள்ளதான் கீது. பெயின்ட்டுக்கு அடியில."

"நம்பர் தெரியாத டிஷ்ஷ எட்த்துகினு போனா ஆபீஸ்ல என்னை உள்ளயே வுட மாட்டாங்க. நீயே வெச்சுக்க."

"சரி, லீஸுப் பணத்த எட்றா."

"இன்னா பணம்?"

"காலி பண்ணா முழுசாத் தரணும்ல?"

ரமேஷ் படியில் உட்கார்ந்துவிட்டான். "அண்ணாத்த, நீ சொல்றது வூட்டு லீஸு. கம்பெனி லீஸுன்னா வாடகைன்னு அர்த்தம். கட்டினது கட்டினதுதான்."

பூவராகவனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷமும் வாடகைப் பெட்டியையா தட்டித் தட்டிக் காப்பாற்றினான்? இவர்கள் நன்றாயிருப்பார்களா?

"பெட்டிய எட்த்துகினு போடா. இனிமே வான்கொடிங்கற பேரே இந்த வூட்டுக்குள்ள வரக்கூடாது."

"சரிண்ணா, கட் பண்ணியாச்சு. இப்ப கொஞ்சம் தள்ளு, புதுச மாட்டணும்" என்று ரமேஷ் ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்தான். அதன் மேல் வான்கொடி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"யாருக்குடா புதுசு?"

"பவானி அக்கா பேர்ல. போன வாரமே புக் பண்ணாங்க. பழைய கனெக்‌ஷன் இருக்கிற வூட்ல புதுசு தர மாட்டாங்க, அத கட் பண்ணச் சொல்லுக்கான்னேன். அவரே பண்ணுவாரு, நீ இருன்னாங்க."

பூவராகவன் அடுப்படிக்குப் பாய்ந்தான்.

"இன்னாமே இது? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா நானே கட் பண்ணியிருக்க மாட்டேன்?"

"நீயா? பொறந்தநாளைக்கு கம்பெனிக்காரன் வாழ்த்து அனுப்பிட்டான்னு குப்பம் பூரா போனக் காட்டிகினு திரிஞ்சவன் நீ. எத்தினி தபா கேட்டேன்? பழைய கஸ்டமர், துரோகம் பண்ண மாட்டேன்னியே."

"அதுக்கு எதுக்கு என்னை பெயின்ட்டு அடிக்க வெச்ச?"

"நம்பர் மறையலன்னா அவன் தூக்கிகினு போய்டுவான்ல? எனக்கு நெத்திலி காயப்போட அகலமா ஒண்ணு வேணும்யா."

மறுநாள் மதியம். பவானி படூருக்குப் போயிருந்தாள். பூவராகவன் புதுப் பெட்டியைப் போட்டு, வழக்கமான விவாத சேனலுக்கு வந்தான். அதில் நாலு பேர் கத்துவார்கள். வீட்டிலிருந்து இவன் ஐந்தாவதாகக் கத்துவான். பவானி மத்தியானத் தூக்கம் கெட்டுத் திட்டுவாள். திரையில் 'இந்த சேனல் பூட்டப்பட்டுள்ளது. ரகசிய எண்ணை அழுத்தவும்' என்று வந்தது. எழுத்து என்னவோ கண்ணாடி மாதிரி தெளிவாகத்தான் தெரிந்தது. பவானிக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. இரத்தம் கொதிக்கக் கஸ்டமர் கேருக்குப் போட்டான்.

"இந்த அக்கவுண்ட் பவானி மேடம் பேர்ல இருக்கு சார். நீங்க யார் பேசறது?"

பூவராகவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். "நானு அவங்க வூட்டுக்காரன்."

"சாரி சார். ஹவுஸ் ஓனர் கேட்டாலும் லாக்கை எடுக்க முடியாது. குடியிருக்கிற மேடத்துகிட்டயே பர்மிஷன் வாங்கிக்கோங்க."