ரத்தப் பரிசோதனைக்குப் போய் மொட்டையோடு வந்தவன்

பயந்துவிட்ட மனிதன் வேகமாக ஓடுவான். எங்கே ஓடுகிறோம் என்று மட்டும் யோசிக்க மாட்டான். இருபத்து நான்கு வயதில் நான் ஓடியது திருப்பதிக்கு.

சத்தியவேடு பக்கம் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. பேக்கிங்கில் இருந்த கலாவும் நானும் பழகிக்கொண்டிருந்தோம். இருவருக்குமே அது முதல் காதல் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆணுறை இல்லாமல் ஒன்றாக இருந்துவிட்டோம். (மெடிக்கல் ஷாப்காரர் எனக்கு மாமா முறை. எந்த முகத்தோடு கேட்பது?) மறுநாள் காலை போனில் பால்வினை நோய்களைப் பற்றிப் படித்தேன். படித்ததெல்லாம் பல் தேய்ப்பதற்குள் எனக்கு வந்துவிட்டது.

உள்ளூர் ஆஸ்பத்திரியென்றால் ஊருக்கே தெரியும். அதனால் மலைக்குப் போவதாக அம்மாவிடம் சொன்னேன்.

"நீயாவே போறியா? உனுக்கு வேலை கெடைச்சா மொட்டைன்னு வேண்டிக்கினு கீறேன். அதையும் முடிச்சுக்கினு வந்துடு. லட்டு மறக்காத!"

திருப்பதி ஆஸ்பத்திரியில் ஆலோசகர் அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"எப்போ நடந்துச்சு?"

"நேத்து, மேடம்."

"நேத்து நடந்ததுக்கு இன்னிக்கு ரிசல்ட்டா நைனா? மருந்துக்குன்னா சீக்கிரம் வந்தது மஞ்சிதி, நல்லதுதான். எச்.ஐ.வி. வராம தடுக்கற மாத்திரைய மூணு நாளைக்குள்ள ஆரம்பிக்கணும், வேணுமான்னு டாக்டர் பாப்பாரு. ஆனா இன்னிக்கு ரத்தம் எடுத்தா பழைய கதைதான் தெரியும். மூத்திர டெஸ்டுக்கு ரெண்டு வாரம் கழிச்சு வா. எச்.ஐ.வி., சிபிலிஸுக்கு ஆறு வாரத்துல ஒரு தடவ, மூணு மாசத்துல ஒரு தடவ. நடுவுல புண்ணு, எரிச்சல்னா உடனே வந்துடு."

"இன்னிக்கே முடிக்க முடியாதா மேடம்? வீட்டுல மலைக்குன்னு சொல்லிட்டேன்."

"அப்போ மலைக்கும் போ. அந்தப் பொண்ணையும் இங்க வரச் சொல்லு."

டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கி, மலையேறி, மொட்டை போட்டு, லட்டோடு வீடு திரும்பினேன். மறுநாள் கலாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, நீயும் பரிசோதித்துக்கொள் என்றேன். அவள் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் பின்னலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்.

"டெஸ்டுக்கு மொட்டை வேற அடிப்பாங்களா?"

அன்றுதான் இரண்டு நாளாக வராத சிரிப்பு எனக்கு வந்தது. அதன்பிறகு ஒவ்வொரு தவணைக்கும் சேர்ந்தே போனோம். இரண்டு வீட்டிலும் ஒரே பொய். இரண்டு வீட்டிலும் லட்டு குவிந்தது. தெருவில் என்னைச் 'சாமி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

மூன்றாவது மாதக் கடைசி ரிசல்ட்டிலும் இருவருக்கும் ஒன்றுமில்லை. நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லார் எதிரிலும் அழுதேன். கலா தன் துப்பட்டாவை நீட்டிவிட்டு, "நம்ம கல்யாணத்துக்கு எப்போ கேக்கப் போற?" என்றாள்.

இரு வீட்டாரும் உடனே சம்மதித்தார்கள். பெருமாளே க்யூவில் நிற்கவைத்துச் சேர்த்த ஜோடி என்பது அம்மாவின் முடிவு. இப்போதும் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், அங்கிருக்கும் இளவட்டங்களை நிறுத்திவைத்து அம்மா புத்தி சொல்லுவாள்.

"எங்க பையன் மாதிரி மூணு மாசம் விடாம திருப்பதிக்குப் போய்க்கினு வாங்கடா. மனசுல கீற பயமெல்லாம் போயிடும்!"

நான் அவசரமாகத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். கலா மட்டும் முகம் மாறாமல், "அத்தை சொல்றது நூத்துக்கு நூறு நிஜம். ஜோடியா போங்க" என்பாள்.