பெட்டி அக்காவின் ஜெர்மனிப் பயணம்

பயணத்துக்கு முன்கூட்டியே தயாராவதில் பெட்டி அக்காவை மிஞ்ச இந்தப் பூமியில் ஆள் கிடையாது. நாமெல்லாம் விமானம் கிளம்பும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய் உட்காருவோம். அக்கா ஒன்றரை வருஷம் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். அதுவும் சமையல் பாத்திரம், திரைச்சீலை, சுவர்க் கடிகாரம் சகிதமாக.

தொண்ணூறுகளின் தொடக்கம். மாண்ட்ரியலில் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடம். என் கணவர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். சென்னையிலிருந்து வந்திறங்கிய எங்களுக்கு எதிர்வீடு அக்கா. திருகோணமலைக்காரர். அவர் கணவருக்குக் கனடா ராணுவத்தில் லாரிகளைப் பழுதுபார்க்கும் வேலை. கட்டடத்துத் தமிழர்களுக்கு அவர் மெக்கானிக் அண்ணை. ஒரே மகள். தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லும் வயசு.

ஒருநாள் அண்ணை வேலையிலிருந்து வந்து, எல்லாம் சரிவந்தால் ஒன்றரை வருஷத்தில் குடும்பத்தோடு ஜெர்மனியிலுள்ள கனடா ராணுவ முகாமுக்கு மாற்றல் வரும் என்று சொல்லியிருக்கிறார். அந்த 'சரிவந்தால்' அக்காவின் காதில் ஏறவில்லை. மனிதர் பூட்ஸைக் கழற்றி முடிப்பதற்குள் அக்கா தெருமுனையில் 'டெப்பனூர்' எனப்படும் சில்லறைக் கடைக்குப் போய், காலி அட்டைப்பெட்டி இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே சாப்பாட்டுத் தட்டுகள் பெட்டிக்குள் போயின. குடும்பம் காகிதத் தட்டுக்கு மாறியது. அடுத்த மாதம் திரைச்சீலைகள். எதிர்க் கட்டடத்துக்காரர்கள் பார்க்கிறார்களே என்று அண்ணை முனகியதும், ஜன்னலில் பழைய செய்தித்தாள் ஒட்டப்பட்டது. சோபாவை யாருக்கோ கொடுத்துவிட்டார். விருந்தாளி வந்தால் பெட்டிமேல்தான் உட்கார வேண்டும். அதிலும் எங்கே உட்காரலாம், எங்கே கூடாது என்று சட்டம் இருந்தது. நான் முதல்முறை போய் உட்காரப் பார்த்தபோது அக்கா என் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

"உதில இருக்காதையும் தங்கச்சி, உது கண்ணாடி. இஞ்சால வாரும், இது உடுப்பு."

கரண்டி, சல்லடை எது தேவைப்பட்டாலும் பெட்டியைப் பிரிக்க மனசு வராமல் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார். இரவல் போன எங்கள் பிரஷர் குக்கரும் ஒருநாள் ஜெர்மனிக்காகக் கட்டப்பட்டுவிட்டது. எந்தப் பெட்டி என்று அக்காவுக்கே நினைவில்லை. அண்ணை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தோண்டி, அதை மீட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். கூடவே மன்னிப்பும் கேட்டார். அவர் முகத்தில் அப்போதே ஒரு களைப்பு இருந்தது.

நூலகத்திலிருந்து ஜெர்மன் ஒலிநாடா வேறு வந்தது. கட்டடத்துக் காவல்காரர் போர்ச்சுகல்காரர். தினமும் காலையில் அக்கா அவருக்கு ஜெர்மனில் வணக்கம் சொல்ல, பாவம், அவர் மிரண்டுபோய் "போன்ஜூர், மதாம்" என்று தொப்பியைத் தொடுவார்.

பொறுக்க முடியாமல் நான் கேட்டேவிட்டேன். "ஏங்க்கா, இன்னும் ஒரு வருஷம் இருக்கே. தட்டையாவது வெளியில வெச்சுக்கலாமில்ல?"

அக்கா டேப்பைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே சொன்னார். "திருகோணமலையில வீட்டை விட்டு ஓடேக்க அடுப்பில சோறு வெந்துகொண்டிருந்தது. இறக்கிவைக்கக்கூட நேரம் கிடைக்கேல்லை. இந்தமுறை ஆரும் வந்து வெளிக்கிடு எண்டு சொல்ல முதல் நான் ஆயத்தமா இருக்கோணும்."

நான் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

அவரை வீட்டிலிருந்து துரத்தியதும் ஒரு ராணுவம். சோறு போட்டதும் ஒரு ராணுவம். ஊர்த் தமிழில் ராணுவத்துக்கு 'ஆமி' என்று பெயர். அந்தச் சொல்லை அக்கா அண்ணையின் வேலைக்குச் சொல்லி நான் கேட்டதில்லை. 'இவரின்ரை வேலை' என்பதோடு நிறுத்திக்கொள்வார். ஆனால் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியின் தமிழ் மளிகைக்கடைகளில் அவர் நுழைந்தால் பேச்சு அடங்கிவிடும். 'ஆமிக்காரன்ரை பெண்சாதி' என்று யாரோ கிசுகிசுப்பார்கள். வேறு நாட்டு ஆமி, வேறு உடுப்பு என்று ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? அக்கா மிளகாய்த்தூளை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிடுவார். ஜெர்மனிக்குப் போய்விட்டால் யாருக்கும் நம்மைத் தெரியாது என்று ஒருமுறை சொன்னார். அதை ஒரு பெரிய வசதிபோலச் சொன்னார்.

மாற்றல் நெருங்கியது. பள்ளிக்கூடத்தில் மகளுக்குக் கேக் வெட்டி, பாட்டுப் பாடி, வகுப்பே கையெழுத்துப் போட்ட ஒரு கரடி பொம்மையைக் கொடுத்து அழுதுகொண்டே வழியனுப்பினார்கள். அந்த வாரக் கடைசியில் செய்தி வந்தது: ஜெர்மனி முகாம்களையே மூடப்போகிறார்கள், மாற்றல் ரத்து. திங்கட்கிழமை அந்தக் குழந்தை அதே வகுப்புக்குள் அதே பையோடு நுழைந்தாள். கரடியைத் திருப்பித் தரவேண்டுமா என்று ஆசிரியையிடம் கேட்டாளாம்.

இனியாவது பிரிப்பார் என்று பார்த்தோம். இல்லை. ஜெர்மனி இல்லாவிட்டால் வேறொரு நாடு என்று பெட்டிகளைச் சுவரோரம் இன்னும் நெருக்கி அடுக்கினார். ஒலிநாடா மட்டும் நூலகத்துக்குத் திரும்பியது.

வேறொரு நாடு வந்தது. பொஸ்னியா. போர் நடக்கும் அங்கே குடும்பத்துக்கு இடமில்லை, அமைதிப்படையோடு அண்ணை மட்டும்.

அந்தக் குளிர்காலத்தை எப்படிச் சொல்வது? கட்டுவதற்கு அக்காவிடம் ஒன்றும் மிச்சமில்லை. கட்டிய பெட்டிகளுக்கே மறுபடி டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். வாரம் ஒருமுறை அண்ணையின் தொலைபேசி வரும். ஒரு வாரம் வரவில்லை. அக்கா எங்கள் சமையலறையில் வந்து உட்கார்ந்தார். கோட்டைக் கழற்றவில்லை. காப்பி ஆறியது, வேறு போட்டேன், அதுவும் ஆறியது. என்ன சொன்னாலும் "ஓம்" என்றார். தன் வீட்டுக் கதவை விரியத் திறந்துவைத்துவிட்டு, மணி அடித்தால் கேட்குமா கேட்குமா என்று அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நாலைந்து நாள் இப்படி. பிறகு மணி அடித்தது. லைன் சரியில்லை, அவ்வளவுதான் என்றாராம் அண்ணை. அவ்வளவுதான் இல்லை என்பது குரலிலேயே தெரிந்தது என்றார் அக்கா.

வசந்தத்தில் அண்ணை திரும்பி வந்தார். மெலிந்து, சத்தமில்லாமல். வரவேற்கப் பாயசத்தோடு போன நாங்கள் வாசலிலேயே நின்றுவிட்டோம். மனிதர் கூடத்துக்கு நடுவே நின்று பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சேரும், இதுகளைப் பிரியும்" என்றார்.

அக்கா ஏதோ சமாதானம் சொல்லத் தொடங்கினார். அண்ணை வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

"அங்க ஒவ்வொரு நாளும் பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு போற சனத்தைத்தான் பாத்தனான். வீட்டிலயும் பாக்க என்னால ஏலாது."

மறுநாள் காலையில் பிரித்தோம். நானும் போனேன். மகளுக்கென்று வாங்கிய ஜெர்மனிக் குளிர்கோட்டின் கை இப்போது அவள் முழங்கையோடு நின்றது. மிளகாய்த்தூள் கட்டிதட்டிப் போயிருந்தது. அக்கா ஒவ்வொரு தட்டாகக் கழுவினார். மாலையில் திரைச்சீலையை மாட்டிவிட்டு, தன் வீட்டைத் தானே வேற்றாள்போலச் சுற்றிப் பார்த்தார். பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு நாற்காலி வெளிவந்தது. ஒரு மனிதர் தன் வீட்டில் நாற்காலியில் உட்காருவது அவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அதுவரை தெரியாது. அண்ணை உட்கார்ந்தார். கொஞ்சம் தூங்கவும் செய்தார்.

திரைச்சீலையின் மடிப்புக்கூட நிமிரவில்லை, பெல்ஜியத்துக்கு மாற்றல் உத்தரவு வந்தது. குடும்பத்தோடு. உடனடியாக.

அக்கா தரையில் உட்கார்ந்து சிரித்தார். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று சொல்லத் தெரியவில்லை. கூடவே உட்கார்ந்த எனக்கும் அதே கதிதான்.

உச்சக்கட்டம் இனிமேல்தான். மூட்டை கட்ட ராணுவமே ஆட்களை அனுப்பியது. வீட்டிலிருப்பவர்கள் கை வைக்கக் கூடாதாம், எல்லாம் அவர்கள் பொறுப்பாம். தடித்தடியான மூன்று பேர் பகல் சாப்பாட்டுக்குள் பாதி வீட்டைக் கட்டிவிட்டார்கள். குப்பைக்கூடையைக் குப்பையோடேயே தாளில் சுற்றி, பத்திரமாகப் பெட்டியில் வைத்தார்கள். பெட்டிக் கலையில் மாண்ட்ரியலையே கலக்கிய அக்கா, மடியில் கையை வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை.

"எனக்கு ஒரு வேலையும் இல்லாமப் போச்சு தங்கச்சி" என்றார் மெல்ல.

கிளம்பும் நாளில் டாக்சி வந்து நின்றது. அண்ணையும் மகளும் ஏறிவிட்டார்கள். அக்கா எங்கள் வாசலில் கோட்டோடு நின்று, குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்தார். சமையலறைக்குள் வந்து டம்ளரைக் கழுவித் துடைத்து, அலமாரியில் அதன் இடத்தில் வைத்தார். கீழே டாக்சி ஹார்ன் அடித்தது. அக்கா என் முகத்தைப் பார்க்காமல் இன்னொரு டம்ளர் தண்ணீர் கேட்டார்.

கொடுத்தேன். அவர் மெதுவாக, மிக மெதுவாகக் குடித்தார். நான் ஜன்னலுக்குப் போய், கொஞ்சம் பொறு என்று டாக்சிக்காரனுக்குக் கை காட்டிக்கொண்டே நின்றேன்.