மதராஸ் செட்டும் மாதா தேரும்

ராயப்பன்பட்டி
12.8.1983

அன்பும், அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக அறிவும் உள்ள அக்கா மகன் பிலவேந்திரனுக்கு மாமன் சின்னப்பராஜ் எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நான், உன் அத்தை ஜெயமேரி, அவளுடைய அடைக்கோழி எல்லாரும் இங்கே சுகம். மைக் செட்டுக்குத்தான் சுகமில்லை.

ஈஸ்டருக்கு வந்தபோது என்ன சொன்னாய்? "மாமா, வால்வு செட்டுக்கு இனிமே சாமான் வராது, புதுசு அனுப்புறேன்" என்று என் ஆம்பிளிஃபயரைத் தூக்கிக்கொண்டு மதராஸுக்குப் போனாய். அது பதினெட்டு வருசமாக ஒரு தட்டுத் தட்டினால் பேசும், ரெண்டு தட்டுத் தட்டினால் உத்தமபாளையம் வரை கேட்கும். போன வாரத் தேர்த் திருவிழாவுக்கு ரெண்டு வாரம் முந்தி, வைக்கோல் திணித்த பெட்டியில் உன் புதுச் செட்டு வந்தது. கரண்டில் சொருகினேன், சிவப்பு விளக்கு எரிந்தது. பெரிய இடத்துச் சாமான், இதற்கு மேல் சோதித்தால் கோவித்துக்கொள்ளும் என்று துணியால் மூடி வைத்தேன்.

தேரன்றைக்கு மாட்டு வண்டியில் ஏற்றினால், நம்ம மைக் ஒயரின் முனை கட்டை விரல் தண்டி, உன் செட்டின் ஓட்டை கடுகு தண்டி. குழாய் ஸ்பீக்கர் ஒயருக்கு இடமில்லை. பேட்டரி மாட்ட வழியே இல்லை. தேருக்குப் பின்னால் கரண்டு கம்பம் நடந்தா வருமப்பா, மெக்கானிக்கே? பங்குச் சாமியார் வெறும் தொண்டையில் செபமாலை சொன்னாக. தேருக்கு முன்னால் போனவர்கள் ஐந்து இரகசியத்தில் மூன்றாவதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், பின்னால் வந்தவர்கள் முதலாவதையே தாண்டவில்லை. கோயில் உபதேசியார் ஜேசுராஜ் வண்டிப் பக்கம் வந்து, "ஏலே சின்னப்பா, உன் செட்டு மௌன விரதமா? முடிக்கிறப்பச் சொல்லு, கஞ்சி ஊத்துவோம்" என்கிறார். சனம் மாதாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

வருகிற பதினைந்தாம் தேதி பரலோக மாதா பண்டிகை. அன்றைக்கும் செட்டு பேசாவிட்டால் இனி எப்போதும் பண்ணைப்புரம் சீனிச்சாமி செட்டுத்தான் என்று சாமியார் சொல்லிவிட்டாக. ஆகையால், உன் படிப்பையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, பழைய செட்டை ராத்திரி பஸ்ஸிலேயே ஏற்றிவிடு. உனக்கு மதராஸ் தண்ணீரும் கொஞ்சம் புத்தியும் ஒத்துக்கொள்ள மாதா அருள் புரியட்டும். அக்காவுக்கு என் தோத்திரம்.

இப்படிக்கு,
வாயிருந்தும் மைக் இல்லாத மாமன்,
சின்னப்பராஜ்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகையில் உன் அத்தை கொல்லையிலிருந்து கூப்பிட்டாள். கோழி பதினோரு குஞ்சு பொரித்து எழுந்திருக்கிறது. வைக்கோல் மெத்தென்று இருக்கிறதே என்று உன் பெட்டியில்தான் அடை வைத்திருந்தாள். அடியில் ஒரு துணிப்பை. உள்ளே நாலு ஒயர், ஒவ்வொன்றிலும் உன் கையெழுத்தில் சீட்டு: "மாமா, இது பழைய மைக்குக்கு", "இது குழாய்க்கு", "இது இசைத்தட்டுப் பெட்டிக்கு", "இது கார் பேட்டரிக்கு, சிவப்பை மாத்திக் குடுத்துராதீக". மாட்டினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. உபதேசியாரை ரெண்டு வார்த்தை பேசினேன், மைக்கில்தான். பழைய செட்டை அனுப்ப வேண்டாம். மூணு பக்கம் எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை. ஏசியதை அப்படியே வைத்துக்கொள், அடுத்து நீ எதையாவது கெடுக்கும்போது ஆகும்.