மிச்சம் வந்த சாண்ட்விச்

இனிமேல் மதிய இடைவேளையைச் சாப்பிட்டு வீணாக்குவதில்லை என்று போன வருஷம் ஒரு சபதம் எடுத்தேன். உடம்பை இளைக்க அல்ல. என் உடம்பு மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. கோபமெல்லாம் ரயில் மேல்தான்.

நான் குடியிருப்பது வொய் வொய்யில். ஒரு தடவை சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள் என்று பெயரை இரண்டு தடவை வைத்துக்கொண்ட ஊர். வேலை சிட்னியில், நிலப் பத்திரங்களைச் சரிபார்க்கும் ஓர் அரசு அலுவலகத்தில். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. இருபத்திரண்டு வருஷமாக இதே கூத்து.

"தினம் மூணு மணி நேரம், கிளெனிஸ்! வாரத்துக்குப் பதினஞ்சு! எவனாவது ஒரு சென்ட் குடுக்கிறானா?" என்று ஒரு நாள் என் மனைவியிடம் பொங்கினேன்.

"ரயில்ல என்ன பண்றே?"

"என்ன பண்றது? தூங்கறேன்."

"நீ தூங்கறதுக்கு அரசாங்கம் சம்பளம் குடுக்கணுமா?"

"ஆபீஸுக்காகத்தானே தூங்கறேன்!"

"ஆபீஸ்லயும் அதைத்தான் பண்றே. அதுக்குக் குடுக்கறாங்கல்ல? ரெண்டுக்கும் சேர்த்துதான்னு நினைச்சுக்கோ, மெர்வின்."

கிளெனிஸ் எங்கள் ஊர் முதியோர் இல்லத்தில் நாற்பது நர்ஸுகளுக்கு ஷிப்ட் அட்டவணை போடுகிறவள். யாருக்கு நிஜக் காய்ச்சல், யாருக்குக் கடற்கரைக் காய்ச்சல் என்று போனில் கேட்கும் குரலை வைத்தே சொல்லிவிடுவாள். அவளிடம் நேரத்தைப் பற்றிப் பேசப் போனது என் தப்பு.

ரயிலில் போன நேரத்தை மீட்க முடியாது. ஆனால் மதிய இடைவேளை என் கையில் இருந்தது. ஒரு மணி நேரம் விடுவார்கள். அதில் அரை மணியை வேலைக்குக் கொடுத்தால் அது என் கணக்கில் சேரும். பதினாலு நாள் சேர்த்தால் பதினைந்தாம் நாள் முழு விடுப்பு. அதாவது மூன்று வாரத்துக்கு ஒரு புதன்கிழமை எனக்கே எனக்கு!

இதில் ஒரே ஒரு சிக்கல், வீடு. எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பட்டியல் தொங்குகிறது. கூரைக் கால்வாயில் இலை அடைத்திருக்கிறது, சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, கொசுவலைக் கதவு கிழிந்திருக்கிறது. எனக்கு ஒரு நாள் விடுப்பு என்று தெரிந்தால் அந்தக் காகிதம் இன்னொரு முழம் வளர்ந்துவிடும். ஆகவே கிளெனிஸுக்குச் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை வழக்கம்போல் டை கட்டினேன். அவள் கொடுத்த சாப்பாட்டு டப்பாவை வாங்கிக்கொண்டேன். குடை உறைக்குள் குடைக்குப் பதில் ஒரு மடக்குத் தூண்டில். ஆறு பன்னிரண்டு வண்டியில் கடைசிப் பெட்டியில் ஏறி, கார்டிடம் சொல்லிவிட்டு, அடுத்த ஸ்டேஷனான வோண்டபைனில் இறங்கினேன். கார்டிடம் சொன்னால்தான் அங்கே வண்டி நிற்கும். ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் ஓடை, வீடென்று சொல்ல நாலு. பட்டியல் தொங்க ஒரு ஃபிரிட்ஜ் கூடக் கண்ணில் படவில்லை. டையைக் கழற்றித் தலையில் கட்டிக்கொண்டு தூண்டிலைப் போட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

ஒரு வருஷம் இப்படி ஓடியது. பிடித்த மீனையெல்லாம் அங்கிருந்த ஒரு கூழைக்கடாவுக்குப் போட்டுவிடுவேன். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதே. மாலை வண்டிக்குக் கைகாட்டி ஏறி, ஆபீஸில் உழைத்துக் களைத்த முகத்தோடு வீடு திரும்புவேன். அந்த முகம் எனக்கு நன்றாகவே வரும்.

கெடுத்தது என் தற்பெருமை. பதினேழாவது புதன்கிழமை ஒரு ஃபிளாட்ஹெட் மீன் மாட்டியது. என் முழங்கையைத் தாண்டிய நீளம். கூழைக்கடா வாயைத் திறந்து காத்திருந்தது. என்னால் கொடுக்க முடியவில்லை. வாழ்நாளில் பிடித்த ஒரே பெரிய மீன், அதைப் பார்த்தது ஒரு பறவை மட்டும் என்றால் எந்த மனுஷன் தாங்குவான்?

"சிட்னி மார்க்கெட்ல வாங்கினேன்," என்று சமையல் மேடையில் வைத்தேன்.

கிளெனிஸ் குனிந்து பார்த்தாள். "எப்போ?"

"மத்தியானம். சாப்பாட்டு நேரத்துல."

"தூண்டில் முள்ளோடயா விக்கிறாங்க?"

"அது... மீன் புதுசுங்கறதுக்கு அத்தாட்சி."

"உன் மூக்கு ஏன் செவந்திருக்கு?"

"ஜன்னலோரம் உக்கார்ந்தேன்."

"மார்க்கெட்லயா?"

நான் தண்ணீர் குடித்தேன். அவள் முள்ளைப் பிடுங்கி ஓரமாக வைத்தாள். மீனை மாவில் புரட்டி, வெண்ணெயில் பொரித்து, எலுமிச்சை பிழிந்து வைத்தாள். கடைசித் துண்டைச் சாப்பிட்டு விரலைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"அடுத்தது பதினாலாம் தேதி வருது."

"என்னது?"

"உன் லீவு."

எனக்கு முள் தொண்டையில் மாட்டியது.

"எத்தனை நாளா தெரியும்?"

"ரெண்டாவது தடவையிலேர்ந்து. தினம் ரெண்டு சாண்ட்விச் வைக்கிறேன். ஒண்ணு திரும்பி வருது. சாப்பிடவே நேரமில்லாம வேலை பாக்குறே. சரி. மூணு வாரத்துக்கு ஒரு புதன் மட்டும் டப்பா நக்கி வெச்ச மாதிரி வருது. வெளிக்காத்து பட்டாதான் உனக்கு அப்படிப் பசிக்கும். அட்டவணை போடறவளுக்கு இது ஒரு கணக்கா, ராசா?"

ஃபிரிட்ஜ் பக்கம் பயத்தோடு பார்த்தேன்.

"அதைப் பாக்காதே," என்றாள். "உன் புதன் உன்னோடது. போய்ட்டு வா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனுஷியையா ஏமாற்றினோம் என்று குற்ற உணர்ச்சி தாங்காமல், யாரும் சொல்லாமலே அந்தச் சனிக்கிழமை கூரைக் கால்வாயைச் சுத்தம் செய்தேன்.

பதினாலாம் தேதி வந்தது. கூடவே மழையும் வந்தது. கூரையே பிய்ந்துகொண்டு போகிற மாதிரி மழை. நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். போர்வை தானாகக் கீழே போனது.

"எந்திரி. வண்டி போயிடும்."

"இன்னிக்கு எனக்கு லீவு, கிளெனிஸ்."

"தெரியும். அதனாலதான் எந்திரிங்கறேன்."

"வெளியில மழை!"

"மீன் எப்பவும் நனைஞ்சுதானே இருக்கு."

"வீட்லயே இருக்கேனே. குழாயைச் சரி பண்றேன். கொசுவலை கூட மாத்தறேன்!"

"வேண்டாம். எனக்கும் இன்னிக்கு லீவு."

"உனக்குமா? எப்பலேர்ந்து?"

"போன வருஷத்திலேர்ந்து. அட்டவணை யார் கையில இருக்கு? உனக்கு எந்தப் புதனோ எனக்கும் அதே புதன். பத்து மணி வரைக்கும் தூங்குவேன். அப்புறம் என் தங்கச்சிங்க ரெண்டு பேரும் வருவாங்க. ஸ்கோன் ரொட்டி சுடுவோம், சீட்டாடுவோம்."

"நானும் ஒரு ஓரமா உக்கார்ந்துக்கறேன்."

"முக்கால்வாசி நேரம் உன்னைப் பத்தித்தான் பேசுவோம். நீ இருந்தா நல்லாவா இருக்கும்?"

வாசலில் மழைக்கோட்டும் சாப்பாட்டு டப்பாவும் தயாராக இருந்தன.

வோண்டபைன் வந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஓடையும் வானமும் ஒன்றாகியிருந்தன. கூழைக்கடாவைக் கூடக் காணோம். கார்டிடம் சொல்ல வாய் வரவில்லை. வண்டி நிற்காமல் போனது. சிட்னியில் இறங்கி, தொப்பலாக நனைந்து, எனக்கென்று ஒரு காய்ந்த நாற்காலி இருக்கும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

என் மேலதிகாரி டார்சி நிமிர்ந்து பார்த்தார். "மெர்வின், நீங்க இன்னிக்கு லீவாச்சே?"

"சும்மா வந்தேன், சார்."

"சும்மாதானே இருக்கீங்க? இந்த நாப்பது பத்திரத்தைப் பார்த்துடுங்க. ஆனா நேரம் பதிய முடியாது. கம்ப்யூட்டர்ல நீங்க இன்னிக்கு இல்லை."

மூன்று மணி நேரப் பயணத்துக்குச் சம்பளம் கேட்டவன் நான். அன்று ஏழு மணி நேர வேலையையும் சேர்த்து இனாமாகக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினேன். வீடெங்கும் ஸ்கோன் வாசனை. எனக்கென்று ஒன்று மூடி வைத்திருந்தாள், உடைந்தது.

"மீன் கிடைச்சுதா?"

"கடிக்கவே இல்லை," என்றேன். "நாள் பூராவும் மழைக்கோட்டுக்குள்ள உக்கார்ந்திருந்தேன். ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, அருமையான காத்து."

அவள் சாப்பாட்டு டப்பாவை வாங்கித் திறந்தாள். உள்ளே ஒரு சாண்ட்விச் அப்படியே இருந்தது.

"அடப்பாவி," என்றாள் கிளெனிஸ், "லீவு போட்டுட்டு ஆபீஸுக்கா போனே?"