நம் குட்டை பச்சையான விவரம்

ஃபேர்லேண்ட்ஸ், சேலம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தம்பி நந்தகுமாருக்கு, அண்ணன் செங்கோடன் மனம் நிறைந்த ஆசியுடன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி அன்புச்செல்வியும் சுகம். சத்தீஸ்கரில் நீயும் போர்வெல் போடும் ரிக் வண்டியும் வண்டி ஆட்களும் சுகமென்று நம்புகிறேன். போனில் சொன்னால் முக்கியமான இடம் வரும்போது உனக்கு டவர் போய்விடும், ஆகையால் கடிதம். நம் சங்ககிரித் தோட்டத்துக் குட்டையில் பக்கத்துத் தோட்டத்து மாதேஸ்வரன் விஷம் கலந்துவிட்டான் என்று மூன்று வாரத்துக்கு முன் உனக்குச் சொன்னேன். அது தப்பு. நடந்ததே வேறு. அதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும் போல இருக்கிறது.

நம் மாடி வீட்டுக்குக் கயல்விழி என்றொரு பிள்ளை குடிவந்திருக்கிறது. ஆத்தூர்ப் பக்கம். ஏரி குளங்களில் மிதக்கிற பாசிகளைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறது. வீடு பார்க்க வந்தபோதே, "ஏரித் தண்ணி கொண்டாந்து வெப்பேன், பரவாயில்லையா அங்கிள்?" என்று கேட்டது. குழாயில் தண்ணீர் வராத நாளுக்குச் சேர்த்து வைக்கிற பொறுப்பான பிள்ளை என்று நினைத்துச் சரி என்றேன். ஒரு நாள் மாடிப்படியில் பன்னிரண்டு பாட்டில் அழுக்குத் தண்ணீரோடு வரிசையாக நின்றது. ரிக் தொழிலை விட்டதிலிருந்து யாருக்காவது உதவி செய்தாக வேண்டும் என்று எனக்குக் கை அரிக்கிறது, உனக்கே தெரியும், அத்தனையையும் சாக்கடையில் கொட்டி, சோப்புப் போட்டு, உள்ளே பிரஷ் விட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வைத்தேன். அது மேட்டூர் முதல் பனமரத்துப்பட்டி வரை மூன்று நாள் அலைந்து எடுத்த தண்ணீராம். ஐஸ் பெட்டி எடுத்துவரப் போன அரை மணி நேரத்தில் நான் வேலையை முடித்துவிட்டேன். அந்தப் பிள்ளை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். படியில் உட்கார்ந்து ஒரு பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ரொம்ப சுத்தமா கழுவியிருக்கீங்க அங்கிள்" என்றது. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் சடையன் போன் செய்தான். "ஏனுங்கண்ணா, குட்டை பச்சப் பெயிண்ட் ஊத்துனாப்ல கெடக்குதுங்க. மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. வெள்ளாடு ஒண்ணு தண்ணி குடிச்சுப்போட்டுச் செத்துப்போச்சுங்க." வரப்புத் தகராறு இருக்கையில் மாதேஸ்வரனைத் தவிர வேறு யார் ஞாபகம் வரும்? உனக்குப் போன் செய்ததும் அப்போதுதான். போலீஸுக்குப் புகார் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினால் வாசலில் அந்தப் பிள்ளை. கொட்டிய தண்ணீருக்கு ஈடாகட்டும் என்று, "அம்மணி, ஒரு குட்டை நெறையா அழுக்குத் தண்ணி இருக்குது, வாரியா?" என்றேன். ஆடு செத்ததைச் சொன்னதும் அதன் முகம் மாறிவிட்டது. மைக்ராஸ்கோப்பைப் பெட்டியோடு தூக்கி வந்து காரில் ஏறிக்கொண்டது.

அங்கே போனால் ஊரே கரையில் நிற்கிறது. மாதேஸ்வரனை வரப்பில் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "ஏப்பா, உனக்கும் எனக்கும்தானே சண்டை, வாயில்லாச் சீவன் உனக்கு என்ன பண்ணுச்சு?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டேன். "எனக்கொண்ணும் தெரியாதுங்கண்ணா" என்றான். குரல் நடுங்கியது. அந்த நடுக்கத்தையும் நான் குற்றத்தில் சேர்த்துக்கொண்டேன். இந்தப் பக்கம் பாசியைக் கொல்லுகிறேன் என்று சடையன் மயில்துத்த மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு தண்ணீரை நோக்கிப் போகிறான். கயல்விழி ரப்பர் பூட்ஸோடு ஓடி முழங்கால் தண்ணீரில் குறுக்கே நின்றது.

"கொட்டாதீங்கண்ணா. விஷம் இப்ப அதுங்க உடம்புக்குள்ள இருக்கு. ஒரே நாள்ல எல்லாத்தையும் கொன்னா அத்தனையும் ஒடைஞ்சு தண்ணியில கலந்துரும்."

"ஆரு உடம்புக்குள்ளீங்க?" என்றான் சடையன். தண்ணீரில் அந்தப் பிள்ளையைத் தவிர ஒருவரும் இல்லை.

மூட்டையை இறக்கி வைத்தான். அந்தப் பிள்ளை மெல்லிய வலையைத் தண்ணீரில் வீசி இழுத்து, அதில் சேர்ந்ததைப் பாட்டிலில் பிடித்தது. பாட்டில் என்றால் என் கை சும்மா இருக்குமா, வாங்கப் போனேன், சேறு வழுக்கி நெஞ்சளவுக்கு உள்ளே இறங்கிவிட்டேன். "வாயத் தொறக்காதீங்க அங்கிள்" என்று கத்தியது. இந்த அறுபத்துமூன்று வயதில் உன் அண்ணியைத் தவிர வேறு யாரும் எனக்கு அதைச் சொன்னதில்லை. கரையேறி நின்றால், மாதேஸ்வரன் தன் கிணற்று மோட்டாரைப் போட்டு ஹோஸ் பைப்பை இழுத்து வந்து, தலையிலிருந்து கால் வரை என்னைக் கழுவுகிறான். புகார்க் காகிதம் பையிலேயே கரைந்துவிட்டது.

கயல்விழி மோட்டார் ரூம் திட்டில் மைக்ராஸ்கோப்பை வைத்து, "பாருங்க" என்றது. தம்பி, ஆயிரத்து இருநூறு அடி துளை போட்டுத் தண்ணீர் பார்த்தவன் நான். ஒரு சொட்டுக்குள் இறங்கினதில்லை. உள்ளே கடுகைவிடப் பல மடங்கு சின்னதாகப் பச்சை உருண்டைகள், ஆயிரக்கணக்கில், கொழகொழவென்று ஒட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாக மிதக்கின்றன. ஓரத்தில் கண்ணாடிப் படகு போல ஒன்று தனியாக நகர்கிறது. அது வேறு சாதிப் பாசி, ஒன்றும் செய்யாதாம், நாம் இழுக்கும் மூச்சில் பாதி உலகத்து மிதவைப் பாசிகள் கொடுத்ததுதானாம். "அப்ப இதுக நல்லதா, கெட்டதா அம்மணி?" என்றேன். "அதுங்க அளவாச் சாப்பிட்டா நல்லதுதான் அங்கிள். தண்ணியில சத்து கூடிப்போனா ஒண்ணு மட்டும் பெருகி மத்ததை அமுக்கிரும். அதுல சிலது விஷம்" என்றது. அப்புறம் தலையைத் தூக்கிக் கரையைப் பார்த்து, "அது என்ன குவியல்?" என்று கேட்டது.

அது கோழி எரு. கோடையில் நாமக்கல்லிலிருந்து நான் இறக்கிய ஒரு லாரி லோடு. தென்னைக்குப் போடலாம் என்று குட்டைக் கரையிலேயே குவித்திருந்தேன். நடுவில் ஒரு மழையும் பெய்திருக்கிறது. சடையன் தரையைப் பார்த்தான். மற்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, சொட்டச் சொட்ட மாதேஸ்வரன் முன்னால் போய் நின்று, "தப்பு என்மேலதான், மன்னிச்சிருப்பா" என்றேன். அவர் பைப்பைக் கீழே போடவில்லை. "உட்டுத் தள்ளுங்கண்ணா. மாடு தாகத்துல கத்துது, மொதல்ல அதப் பாப்போம்" என்றார். சடையன் பெண்சாதி பொன்னாயி நாலு மாட்டையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, "காச்சி ஊத்துனாச் செரியாப் போவாதுங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். காய்ச்சினாலும் இந்த விஷம் போகாதாம். மாதேஸ்வரன் தன் கிணற்றிலிருந்து நம் தொட்டிக்குப் பைப் போட்டுக் கொடுத்தார். இன்றைக்கும் அந்தத் தண்ணீர்தான் ஓடுகிறது. வரப்பைப் பற்றி இருவருமே பேசுவதில்லை.

மீனில் பெரும்பாதி செத்தது, எல்லாவற்றையும் குழி தோண்டிப் புதைத்தோம். குட்டையைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, எருவைத் தென்னந்தோப்புக்கு மாற்றினோம். ஞாயிறு தவறாமல் கயல்விழி தண்ணீர் எடுக்கப் போகிறது, கூடவே நானும் போகிறேன், வலை இழுப்பது இப்போது என் வேலை. இன்று காலைப் பரிசோதனையில் விஷம் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. பொன்னாயி கைதட்டினாள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் குட்டை அந்தப் பிள்ளையின் ஆராய்ச்சிக் கட்டுரையில் வரப்போகிறது, நன்றி சொல்லும் இடத்தில் என் பெயரும் உண்டாம். எந்தப் பாசியைக் காட்டினாலும் இப்போது பெயர் சொல்லுவேன். உன் அண்ணி என்னைச் சாப்பாட்டு மேசையில் பாசி பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள்.

தவறு முழுக்க என்னுடையது. உனக்கு இதில் துளியும் பங்கில்லை, நீ மனம் கலங்காதே, வேலையைப் போட்டுவிட்டு ஓடி வரவும் வேண்டாம். போடுகிற துளையெல்லாம் தண்ணீர் காணட்டும். தலைப்பாரம் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நூறு வருஷம் நன்றாக இரு.

உன் அண்ணன்,
செங்கோடன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகையில் கயல்விழி மாடியிலிருந்து இறங்கி வந்து, கணக்கு உதைக்கிறது, ஒரு லோடு எருவில் ஒரு மழைக்கு வழிந்தது இத்தனை பாசிக்குப் பற்றாது என்றது. சடையனைப் போனில் கூப்பிட்டு இரண்டு அதட்டுப் போட்டேன். "நந்தண்ணன்தானுங்க சொன்னாரு. வாரம் நாலு மூட்டை கோழி எருவக் குட்டைக்குள்ளயே கொட்டுனா மீனு கொழுக்கும்னு யூடியூப்புல பாத்தாராம். அண்ணங்கிட்டச் சொல்லவேண்டாம்னாரு" என்கிறான். மேலே தவறு என்னுடையது என்று வருகிற இடத்திலெல்லாம் உன் பெயரைப் போட்டுப் படித்துக்கொள். ஆசி அப்படியே இருக்கட்டும், எழுதியதை அடித்தால் அசிங்கமாக இருக்கும். அடியில் படிந்த சேற்றை வாரி எடுக்காவிட்டால் அடுத்த கோடையிலும் இது வரும் என்கிறது அந்தப் பிள்ளை. மாதேஸ்வரன் ஆள் பார்த்துத் தருகிறேன் என்றார். வேண்டாம், ஆள் சத்தீஸ்கரிலிருந்து வருகிறது என்று சொல்லிவிட்டேன்.