நாலுக்கும் நூற்று முப்பதுக்கும் நடுவில் ஒரு பிரசவம்

வேலம்பாளையம், திருப்பூர்
வெள்ளிக்கிழமை

கோபன்ஹேகன் நகரில் குளிருக்கு நடுவே குடித்தனம் நடத்தும் மாப்பிள்ளை கதிர்வேல் அவர்களுக்கு, மாமனார் மகுடேஸ்வரன் மரியாதையுடன் எழுதிக்கொண்டது. நானும் உங்கள் அத்தை மயிலாளும் சுகம். தாங்களும், ஆறு மாதம் நிறைந்த எங்கள் மகள் ஜனனியும் சுகமாயிருக்க அவிநாசியப்பர் துணை இருப்பார். வாட்ஸ்அப்பில் எழுதினால் தாங்கள் கட்டைவிரல் படத்தை மட்டும் அனுப்பிவிடுகிறீர்கள். அது சம்மதமா, இல்லை படித்ததற்கு ரசீதா என்று எனக்கு விளங்குவதில்லை. ஆகவே காகிதத்தில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். பக்கம் மாறாமல் படிக்கவும்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதும், ஏழாம் மாதம் கட்டுச்சோறு விருந்து வைத்துப் பெண்ணைக் கூட்டிவந்துவிட வேண்டும் என்பதும் நம் பக்கத்து வழக்கம், அதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மூன்று மாதத்துக்கு முன்னால் நீங்கள் ஒரு பட்டியலை அனுப்பி, “மாமா, மனித வளர்ச்சிக் குறியீட்டுல டென்மார்க் நாலாவதுங்க, இந்தியா நூத்தி முப்பதாவதுங்க, அதனால பிரசவம் இங்கயே இருக்கட்டுங்க” என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நூற்றுத் தொண்ணூற்று மூன்று நாட்டில் நூற்று முப்பது என்றால் மோசமில்லையே என்று மயிலாளிடம் சொன்னேன், அவள் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். அடுத்த வாரம் ஊழல் பட்டியலில் டென்மார்க் முதலிடம் என்று அனுப்பினீர்கள். நான் பதறிப்போய், இப்படிப்பட்ட ஊரிலா பெண்ணைக் கொடுத்தோம் என்று பக்கத்து வீட்டு நூர்ஜானிடம்கூடப் புலம்பிவிட்டேன். ஊழல் இல்லாததில் முதலிடம் என்று புரிய இரண்டு நாள் ஆயிற்று.

அதிலிருந்து எனக்கு இந்தப் பட்டியல்கள் மேல் ஒரு தீராத சந்தேகம், சந்தேகம் என்றால் கோபமில்லை, எப்படித்தான் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை. ஒரு நாட்டை எந்த டேப்பால் அளப்பார்கள்? நீங்கள் கோவையில் விமானம் ஏறும்போது நூற்று முப்பதாவது நாட்டு ஆள், இறங்கும்போது நாலாவது நாட்டு ஆள். நடுவில் எந்த இடத்தில் நாற்பதைத் தாண்டினீர்கள், அப்போது உடம்பில் ஏதாவது தெரிந்ததா? நான் வேலை பார்க்கும் பனியன் யூனிட்டில் தைக்கிற ரோம்பர் என்னும் குழந்தை உடுப்பை நாலாவது நாட்டுக் குழந்தைகள் மாட்டிக்கொண்டு தூங்குகின்றன, தைத்தவர்கள் மட்டும் எப்படி நூற்று முப்பதில் நிற்கிறார்கள்? இதையெல்லாம் யாரிடம் கேட்பது என்று இருந்தபோதுதான், போன செவ்வாய்க்கிழமை கீதாஞ்சலி என்று ஒரு பெண் கையில் டேப்லெட்டோடு வந்து, உலக நாடுகளின் நிர்வாகத்தை வரிசைப்படுத்தும் பட்டியலுக்காக ஓர் ஆராய்ச்சி நிறுவனம் சர்வே எடுக்கிறது, எங்கள் தெருவில் எங்கள் வீடு தேர்வாகியிருக்கிறது, வியாழக்கிழமை வந்து கேள்வி கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். தேடிப் போன தெய்வம் எதிரே வந்த மாதிரி இருந்தது.

மாப்பிள்ளை, இந்த இடத்தில் நான் செய்ததை மறைக்கவில்லை. துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் சோதனை, அதாவது பையர் ஆடிட், வருகிறது என்றால் எங்கள் யூனிட்டில் ஒரு முறை உண்டு. இரண்டு நாளுக்கு முன்பே முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் மருந்தும் நிரம்பும், வழியை அடைத்திருக்கும் அட்டைப்பெட்டிகள் நகரும், டெய்லர்களை உட்காரவைத்து எதைக் கேட்டால் எதைச் சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்யவைப்போம். இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன், கேள்வி கேட்க ஆள் வருகிறார் என்றால் எனக்கு வேறெதுவும் தோன்றாது. நம் வீட்டுப் பதிலால் நாடு நூற்று முப்பதிலிருந்து ஒரு பத்துப் படி ஏறினால், ஜனனியை அனுப்ப மாட்டேன் என்று உங்களால் சொல்ல முடியுமா? ஆகவே யூனிட்டில் மிச்சமிருந்த ‘அவசர வழி’ அம்புக்குறியைச் சமையலறைக் கதவில் ஒட்டினேன். முதலுதவிப் பெட்டியைப் பூஜை அலமாரி பக்கத்தில் மாட்டினேன். மயிலாளுக்கு முப்பது கேள்விக்குப் பதில் எழுதிக் கொடுத்தேன். சாக்கடை நன்றாக ஓடுகிறது, அதிகாரிகள் மரியாதையாகப் பேசுகிறார்கள், வீட்டு முடிவுகளை இரண்டு பேரும் சேர்ந்து எடுக்கிறோம், இப்படி. நூர்ஜான் மதிலுக்கு மேலே எட்டிப்பார்த்து, “ஏனுங்கண்ணா, எங்கூட்டுக்கும் வருவாங்களா, நானும் படிச்சு வெக்கட்டுங்களா?” என்றாள். எதற்கும் இருக்கட்டும் என்று அவளுக்கும் ஒரு ஜெராக்ஸ் கொடுத்தேன்.

வியாழக்கிழமை நான் இஸ்திரி போட்ட சட்டையில் தயாராக உட்கார்ந்திருந்தேன். கீதாஞ்சலி எங்கள் இரண்டு பேர் பெயரையும் டேப்லெட்டில் போட்டாள், அது தானாக ஒருவரைப் பொறுக்குமாம், மயிலாளைப் பொறுக்கிவிட்டது. “நீங்க கொஞ்சம் வெளிய இருக்கோணுங்க சார்” என்றாள். ஆடிட்டிலும் இதே வழக்கம்தான், முதலாளி இருந்தால் டெய்லர் வாய் திறக்க மாட்டார். நான் நியாயமாகச் சமையலறைக்குப் போய், அவசர வழி அம்புக்குறிக்குக் கீழே நின்று கேட்டேன்.

முதல் பத்துக் கேள்விக்கு மயிலாள் நான் எழுதிக் கொடுத்தபடியே சொன்னாள். சாக்கடையில் ஆரம்பித்தது வினை. “நல்லா ஓடுதுங்க. மழை பேஞ்சா எங்கூட்டுக்குள்ளயே ஓடுதுங்க” என்றாள். போகட்டும், ஒரு படி இறங்கினோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்புறம், “வீட்டுல முக்கியமான முடிவெல்லாம் யாருங்கம்மா எடுப்பாங்க?” என்று கீதாஞ்சலி கேட்டாள். “ரெண்டு பேருந்தானுங்க” என்றாள் மயிலாள். எனக்கு மூச்சு வந்தது. “எங்கூட்டுக்காரரும் மாப்பிள்ளையும்” என்று சேர்த்தாள்.

கீதாஞ்சலி டேப்லெட்டை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். “கணவர், மனைவி, ரெண்டு பேரும் சேர்ந்துன்னுதானுங்க இருக்குது. மாப்பிள்ளை இதுல இல்லீங்களே” என்றாள். மயிலாள் குரலை உயர்த்தவில்லை. “புள்ளைய எங்க பெத்துக்கோணும்னு ரெண்டு பேரும் மூணு மாசமாப் பேசறாங்க கண்ணு. நாலுங்கறாரு அவரு, நூத்தி முப்பதுங்கறாரு இவரு. பெத்துக்கறவள ஒருத்தரும் கேக்கலீங்க” என்றாள். “மத்தவைங்கற கட்டத்துல எழுதிக்கறேங்கம்மா” என்றாள் கீதாஞ்சலி. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது மாப்பிள்ளை, பொய் சொல்வானேன். ஜனனியோடு தினமும் பேசுகிறேன், சாப்பிட்டாயா, குளிர் எப்படி என்று கேட்டிருக்கிறேன், இதை மட்டும் கேட்டதில்லை. நீங்கள் கேட்டீர்களா?

போகும்போது கீதாஞ்சலியை நிறுத்தி என் சந்தேகத்தைக் கேட்டுவிட்டேன். பொறுமையான பெண். நீங்கள் அனுப்பிய பட்டியல் மனிதர் எத்தனை வயது வாழ்கிறார், எத்தனை வருடம் படிக்கிறார், தலைக்கு வருமானம் எவ்வளவு, இந்த மூன்றையும் சேர்த்துப் போடுவதாம். இன்னும் சில பட்டியலுக்கு இப்படி வீடு வீடாகக் கேட்பார்களாம், சிலதற்கு நிபுணர்களிடம் மட்டும் கேட்பார்களாம், ஒரே நாடு ஒன்றில் மேலேயும் இன்னொன்றில் கீழேயும் இருக்குமாம். எங்களிடம் பையர் ஆள் வந்து ஐயாயிரம் பீஸில் இருநூறைப் பிரித்துப் பார்த்து லாட் முழுவதையும் பாஸ் என்பது போலத்தான் இதுவும். “எங்க வீட்டுப் பதிலால நம்ம நாடு எத்தனை படி மாறுமுங்க?” என்றேன். “ஒரு படிகூட மாறாதுங்க சார். ஆனா கேக்காம விட்டா எதுவுமே தெரியாதுங்களே” என்று செருப்பை மாட்டினாள்.

ஆகவே நான் சொல்வது இதுதான். நாலும் நூற்று முப்பதும் சராசரிக் கணக்கு, சராசரி யாருக்கும் பிரசவம் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டில் இன்றைக்கு ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. அறைக்கு வெள்ளையடித்தாயிற்று, தொட்டில் வாங்கியாயிற்று, டாக்டரம்மாவிடம் சொல்லியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஜனனியிடம் முறைப்படி கேட்டுவிடுகிறேன். என் மகள் என்ன சொல்வாள் என்பது எனக்குத் தெரியும். நீங்கள் டிக்கெட்டைப் போட்டுவிடவும். வயிற்றுப்பிள்ளையோடு மூவருக்கும் எங்கள் ஆசி. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போகவும்.

இப்படிக்கு,
மாமனார் மகுடேஸ்வரன்

பின்குறிப்பு: ஞாயிறு மாலை எழுதுவது. நீங்கள் கடைக்குப் போயிருந்தபோது ஜனனியிடம் கேட்டேன். “இத நீங்க மொதல்லயே கேட்டிருக்கலாமுங்கப்பா” என்றாள். அப்புறம், “நான் இங்கயே பெத்துக்கறேனுங்க, இங்க இருக்கற நர்ஸம்மாவுக்கு என்னைய நல்லாத் தெரியும், எனக்குப் பயமில்லீங்க. ஆனா அம்மா பக்கத்துல வேணுமுங்க” என்றாள். உன் அம்மாவுக்குத்தான் பாஸ்போர்ட்டே கிடையாதே கண்ணு என்று சொல்ல வாயெடுத்தேன். மயிலாள் எழுந்துபோய் பீரோவிலிருந்து புத்தம்புது பாஸ்போர்ட்டை எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள். இரண்டு மாதம் முன்பே நூர்ஜானோடு போய் எழுதிக் கொடுத்தாளாம், விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்தபோது நான் யூனிட்டில் இருந்தேனாம். “நீங்களும் மாப்பிள்ளையும் நாட்ட எண்ணீட்டு இருந்தப்ப நான் போயி போட்டோ புடிச்சுட்டு வந்துட்டேனுங்க” என்கிறாள். எனவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும், ஜனனிக்கு டிக்கெட் போட வேண்டாம். விசாவுக்கு அழைப்புக் கடிதம் வேண்டுமாம், ஒருவருக்குப் போதும் என்று மயிலாள் சொல்கிறாள். நான் சொன்னதாகச் சொல்லாமல், இரண்டு பேருக்கு எழுதலாமா என்று ஜனனியிடம் நீங்களாகக் கேட்பது போல ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கவும்.